சேசடிமை கயிறு கட்டினது போல

கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்காருங்கள். ஒரு நிமிஷம்தான். வெளியே அந்த வாழைக்குலைக் கடைப் பக்கம் நீலச் சட்டைக்காரர் ஒருத்தர் பஸ்ஸை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார் பாருங்கள், ஏறுகிறாரா? ஏறவில்லையா? திரும்பிவிட்டாரா? சரி. அவர் இல்லை. எங்கள் ஊர்க்காரர் என்று நினைத்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள், தோளைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

போலீசுக்கு ஒளிகிறவன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் வாத்தியார். கோவில்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. சார். இருபத்தெட்டு வருஷமாக அங்கேதான். பெயர் ரெமிஜியுஸ். ஏழுதெங்குக்குப் போகிறேன். நீங்கள்? கடைசி ஸ்டாப்பா? அப்படியானால் எனக்கு அடுத்த ஸ்டாப்தான் உங்களுக்கு. நல்லது. இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. திங்கள்சந்தையில் இவன் இப்படித்தான் கால் மணி நேரம் நிறுத்திப்போடுவான்.

இன்றைக்கு ஐந்து மணிக்கு எங்கள் ஊர் மாதா கோயில் ஹாலில் ஒரு கூட்டம். ஊர் ஃபுட்பால் கிளப்புக்கு இது அறுபதாவது வருஷம். வருஷா வருஷம் நடத்துகிற டோர்னமென்டின் கோப்பைக்கு இந்த முறை ஒரு பெயர் வைக்கப் போகிறார்கள். என் அப்பா பெயரை வைக்க வேண்டும் என்று ஒரு கட்சி. கூடாது என்று ஒரு கட்சி. கூடாது என்கிறவர்கள்தான் அதிகம். அவர்கள் ஐஸ் கம்பெனிக்காரரின் அப்பா பெயரைச் சொல்கிறார்கள். அந்த மனிதர் வாழ்நாளில் ஒரு பந்தை உதைத்ததில்லை. நான் வந்து ஒரு வார்த்தை சொன்னால் அப்பா பெயர் நின்றுவிடும் என்று கிளப் தலைவர் போன் பண்ணினார். ஒரு வார்த்தைதான். அதற்காகத்தான் போகிறேன்.

எங்கள் ஊரில் ஒரு சொலவடை உண்டு. யாராவது தன் ஆளுக்குத் தானே சாதகம் செய்துகொண்டால், ரேஷன் கடைக்காரன் மச்சினனுக்கு முதலில் அளந்தால், பந்தியில் விளம்புகிறவன் தன் பிள்ளை இலையில் பெரிய துண்டாகப் போட்டால், 'சேசடிமை கயிறு கட்டினது போல' என்பார்கள். சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லும். சேசடிமை யார், என்ன கயிறு என்று அதுகளுக்குத் தெரியாது. சேசடிமை என் அப்பா.

இல்லை, நீங்கள் சிரிக்கலாம். தப்பில்லை. கேட்க வேடிக்கையாகத்தான் இருக்கும்.

அப்பா ஆட்டக்காரர். லெஃப்ட் ஹாஃப். இடது கால், வெறுங்கால். அந்தக் காலத்தில் எங்கள் கடற்கரையில் பூட்ஸ் போட்டவனைப் பார்த்தால் காலுக்கு என்ன நோக்காடு என்று விசாரிப்பார்களாம். பதினாறு வருஷம் ஊருக்கு ஆடினார். கொல்லம், வர்க்கலை என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் ஆடினார். நாகர்கோவிலில் ஒரு பட்டாளத்து டீமோடு ஆடும்போது எதிராளியின் பூட்ஸ் ஆணி பாதத்தில் ஏறிவிட்டது. வேட்டியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு கடைசி இருபது நிமிஷமும் ஆடினாராம். அதைக் கண்ணால் பார்த்தவர்கள் இரண்டு பேர் இன்றைக்கும் இருக்கிறார்கள். சின்ன வயதில் அந்தத் தழும்பை நான் தொட்டுப் பார்ப்பேன். வழவழவென்று, ஒரு சிப்பியின் உட்பக்கம் போல இருக்கும்.

முப்பத்து நாலு வயதில் முழங்கால் போனது. பிறகு கோச். கோச் என்றால் சம்பளம், தொப்பி எதுவும் கிடையாது. விடிவதற்கு முன் கடலுக்குப் போவார். ஒன்பது பத்து மணிக்குக் கரைக்கு வருவார். தூங்குவார். நாலு மணிக்கு மைதானம். பையன்கள் இடுப்பில் வலைக்கயிற்றைக் கட்டி ஈர மணலில் ஓடவிடுவார். கத்தமாட்டார். தப்பாக ஆடினவனைப் பக்கத்தில் கூப்பிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்துப் பேசுவார். கேட்டால், கால்தானே தப்புச் செய்தது, அதனிடம் பேசினால் போதும் என்பார்.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எண் தெரியும். கோச் ஆன முதல் வருஷம், நாளைக்கு யார் யார் ஆடுகிறார்கள் என்று மைதானத்தில் நின்று வாயால் சொல்லியிருக்கிறார். சொல்லி முடிக்கும்முன் இரண்டு வீட்டுக்காரர்கள் வந்து சட்டையைப் பிடித்துவிட்டார்கள். எங்கள் ஊர் அப்படி. அதற்கப்புறம் அவர் டீமை வாயால் சொன்னதேயில்லை. கயிறு கட்டினார்.

எப்படி என்றால், மேட்சுக்கு முந்தின நாள் பதினாறு ஜெர்சியையும் அவரே கிணற்றடியில் துவைப்பார். வேறு யாரும் தொடக் கூடாது, அம்மாகூட. எங்கள் வீட்டுக்கு முன்னால் ரோட்டோரம் ஒரு பூவரச மரம். அதிலிருந்து சுவர்க் கொக்கிக்கு ஒரு கயிறு. முறுக்கின இரட்டைக் கயிறு, வள்ளத்தில் கிடந்தது. இரண்டு பிரிக்கும் நடுவே துணியைச் செருகிவிட்டால் எந்தக் கடற்காற்றுக்கும் விழாது. அதில் பதினொரு ஜெர்சி, எண் ரோட்டைப் பார்த்து இருக்கும்படி. மிச்சம் ஐந்தும் வீட்டுக்குப் பின்னால், அம்மாவின் துணிக்கொடியில். அவ்வளவுதான் டீம். ஊர் ஜனம் கடைக்குப் போகிற சாக்கில் வந்து பார்த்துவிட்டுப் போகும். ஒரு பேச்சு கிடையாது. கயிற்றோடு போய் யார் மல்லுக்கு நிற்பது?

ஒருமுறை வள்ளக்காரர் ஒருத்தர் தன் அக்கா மகனுக்காக வந்தார். அப்பா அப்போது அவர் வள்ளத்தில்தான் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒரே ஒரு எண்ணை மாற்றிப் போடச் சொல்லி ரொம்பத் தன்மையாகத்தான் கேட்டார். அப்பா ஒன்றே ஒன்று சொன்னார்.

"கயித்துல ஏறினது ஏறினதுதான்."

மறுநாள் முதல் அவருக்கு வேறு வள்ளம். பதினைந்து வருஷம் அப்படி. ஏறின எண்ணை அவர் இறக்கியதே இல்லை.

கண்டக்டர் வந்துவிட்டார். ஏழுதெங்கு ஒன்று. இருக்கட்டும், சில்லறை இருக்கிறது.

எங்கே விட்டேன்? தொண்ணூற்று இரண்டு. எனக்கு இருபது வயது. நான் மோசமான ஆட்டக்காரன் இல்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஊரில் வேறு மாதிரிச் சொல்வார்கள். ரைட் அவுட், வலது ஓரத்தில் ஓடுகிற ஆள். நல்ல வேகம். பதினாலாம் எண். ஆனால் அந்த இடத்தில் ததேயு இருந்தான். ஏழாம் எண். என்னைவிட ஒரு வயது சின்னவன். அவன் பிறந்த வருஷமே அவன் அப்பாவைக் கடல் கொண்டுபோயிற்று. அம்மா வியாகுலம் மீன் விற்கிறவள். ததேயு பந்தை எடுத்துக்கொண்டு ஓரக் கோட்டில் வந்தால், கோட்டுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கிறவர்கள் தானாக இரண்டு அடி பின்னால் போவார்கள். அப்படி ஒரு ஓட்டம். என் அப்பாவை அவன் கோச்சு என்று கூப்பிடுவான். ஆனால் அவன் சாப்பிட்டதில் பாதி எங்கள் வீட்டில்தான்.

அந்த சீசனில் என் ஜெர்சி முன்கயிற்றில் இரண்டு முறைதான் ஏறியது. ததேயுவுக்குக் காய்ச்சல் வந்த இரண்டு முறை. மற்ற நாளெல்லாம் பின்னால், அம்மாவின் சேலைகளுக்கும் பாவாடைகளுக்கும் நடுவில். உங்களுக்கு அது புரியுமா தெரியவில்லை. கோச்சின் மகன். அவன் பனியன் பாவாடையோடு காய்கிறது. பக்கத்து வீட்டுப் பையன்கள் வேலிவழியாகப் பார்த்துவிட்டு, பதினாலு இன்றைக்கு அடுப்படிக் காவல் என்பார்கள்.

நாங்கள் மாவட்ட ஃபைனலுக்கு வந்துவிட்டோம். அப்போது நான் உடற்கல்விக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இடம் கிடைக்க ஒரு சான்றிதழ் வேண்டும். மாவட்ட ஃபைனலில் ஆடின சான்றிதழ். பெஞ்சில் உட்கார்ந்தவனுக்குக் கிடையாது, களத்தில் இறங்கினவனுக்கு மட்டும். அப்பாவிடம் கேட்டேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடைசி ஐந்து நிமிஷம் இறக்கிவிட்டால் போதும், பந்தைத் தொடக்கூட வேண்டாம் என்றேன். அவர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சு நிமிசத்துலதாம்ல கோல் விழுது" என்றார்.

சொல்லுங்கள். ஒரு அப்பா மகனுக்குச் சொல்கிற பதிலா இது? வேறு எந்த அப்பாவாக இருந்தாலும் செய்திருப்பார். எங்கள் பள்ளிக்கூடத்தில் நான் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறேன், முகம் தெரியாத பிள்ளைகளுக்கு. ஐந்து நிமிஷம். அவர் அதைக் கொடுத்திருந்தால் எதுவுமே நடந்திருக்காது. இந்தச் சொலவடையே இருந்திருக்காது. நான் அவரைக் குறை சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஃபைனலுக்கு முந்தின நாள், சனிக்கிழமை. நாலு மணிக்குக் கயிற்றில் பதினொன்றும் ஏறியாயிற்று. அப்பா குளித்துவிட்டுக் கோயிலுக்கு ஜெபமாலை சொல்லப் போனார். ஃபைனல் என்றால் அவர் போவார். நான் பின்பக்கம் போனேன். அம்மா அங்கே உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தாள். நான் கொடியிலிருந்து பதினாலை எடுத்தேன். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அது இன்னும் காயவில்லையே என்றாள். முன்னால் வந்து ஏழாம் எண்ணை உருவினேன். சுலபமாக வரவில்லை, அந்த இரட்டைப் பிரி அப்படிப் பிடித்திருந்தது. அந்த இடத்தில் பதினாலைச் செருகினேன். ஏழாம் எண்ணைக் கொண்டுபோய்ப் பின்கொடியில் போட்டேன். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

ஒரு மேட்ச்தானே என்று நினைத்தேன். அவனுக்கு என்ன, பத்தொன்பது வயது, எத்தனையோ ஃபைனல் வரும். எனக்கு அந்த ஒன்றுதான்.

உள்ளே போய்ப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஜன்னல் வழியாக ரோடு தெரியும். இரண்டு பேர் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு போனார்கள். பிறகு ததேயு சைக்கிளில் வந்தான். இறங்கவில்லை. ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றான். முதலில் வலமிருந்து இடம் பார்த்தான், பிறகு இடமிருந்து வலம். எண்ணுகிறான் என்று தெரிந்தது. வீட்டைப் பார்த்துக் கூப்பிடுவான், அப்போது ஏதாவது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவன் கூப்பிடவில்லை. பெடலை மிதித்துப் போய்விட்டான்.

அவன் தாய்மாமன் விசைப்படகு அன்றைக்கு மாலை தங்கலுக்குப் போனது. தங்கல் என்றால் பத்து நாள், பன்னிரண்டு நாள் கடலிலேயே தங்கித் தொழில் செய்வது. அதில் ஏறிவிட்டான். அது எனக்கு எப்படித் தெரியும்? கோபத்தில் வீட்டில் கிடப்பான், அப்பா வந்து பார்த்தால் ஏதாவது ஆகும், திட்டுவார், அடிப்பார், மாற்றிவிடுவார், இப்படியெல்லாம்தான் நினைத்தேன். ஒருத்தன் நேரே போய்க் கடலில் ஏறிவிடுவான் என்று நினைக்கவில்லை.

அப்பா வந்தார். கயிற்றுக்கு முன்னால் நின்றார். நான் அவர் முதுகைத்தான் பார்த்தேன். பிறகு விறுவிறுவென்று கடற்கரைப் பக்கம் போனார், அந்த முழங்காலோடு. படகு அதற்குள் பொழிவாயைத் தாண்டிக் கடலுக்குள் போயிருந்தது. திரும்பி வந்தபோது இருட்டிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு ஜெர்சியாகத் தொட்டு, காய்ந்துவிட்டதா என்று பார்த்து எடுத்து மடித்தார். என்னுடையதையும் தொட்டார். அது மட்டும் ஈரமாக இருந்திருக்கும், பின்னால் வெயில் இல்லை. அதை அடுப்பு மேல் கயிற்றில் போட்டார்.

சாப்பிடும்போது அடி விழும் என்று காத்திருந்தேன். அவர் ஆட்டத்துக்கு முந்தின நாள் ஒவ்வொரு ஆட்டக்காரனிடமும் கேட்கிற ஒரு கேள்வி உண்டு. அதை என்னிடம் கேட்டார்.

"நகம் வெட்டினியா?"

வெட்டியாயிற்று என்றேன். வெட்டவில்லை.

ஏன் மாற்றவில்லை என்று கேட்கிறீர்களா? வேறு ஒருத்தனை இறக்கியிருக்கலாம்தான். ஆனால் ஊர் பார்த்துவிட்டது. ஏறினது ஏறினதுதான் என்று பதினைந்து வருஷம் சொன்னவர். இறக்க வேண்டும் என்றால் யார் ஏற்றியது என்று சொல்ல வேண்டும். சொன்னால் என் முகத்தை நான் எங்கே வைத்துக்கொள்வது? அதை அவர் யோசித்திருப்பார். யோசித்தாரோ என்னவோ. நாங்கள் அதைப் பற்றிப் பேசினதில்லை.

ஜெயித்தோம். ஒன்று பூஜ்யம். கோல் இடது பக்கத்திலிருந்து வந்தது, எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பந்து என்னிடம் ஏழெட்டு முறை வந்திருக்கும். அப்பா கடைசி வரை என்னை வெளியே எடுக்கவில்லை. இடைவேளையில் தண்ணீர் குடித்துக்கொண்டு நிற்கும்போது, வெள்ளை பேன்ட் போட்ட ஒருத்தர் அப்பாவிடம் வந்து, ஏழாம் எண் எங்கே என்று கேட்டார். கோயம்புத்தூரில் ஒரு மில் டீமுக்கு ஆள் எடுக்க வந்தவர். எடுத்தால் மில்லில் நிரந்தர வேலை. வரவில்லை என்று அப்பா சொன்னார். அவர் ஒரு சின்ன நோட்டில் எதையோ அடித்துவிட்டுப் போனார்.

இல்லை, அந்த ஆள் வருகிற விஷயம் எனக்குத் தெரியாது. சத்தியமாக. தெரிந்திருந்தால் செய்திருப்பேனா?

ஊரே வெடி போட்டது. கோப்பையை வைத்துக்கொண்டு கோயிலைச் சுற்றி வந்தார்கள். நாங்கள் வீட்டுக்கு வந்தபோது வியாகுலம் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளி அப்பா தலையில் போட்டாள்.

"ஒம் மவனுக்கு ஒரு அப்பன் இருக்கான். எம் மவனுக்கு நீதாம்னு நெனச்சிருந்தேன், கோச்சு."

போய்விட்டாள். அப்பா மண்ணைத் தட்டிவிடவில்லை. அப்படியே திண்டில் உட்கார்ந்திருந்தார். அம்மா துண்டைக் கொண்டுவந்து கொடுத்தாள், வாங்கவில்லை.

மறு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஹாலில் விசாரணை. பங்குச் சாமியார் நல்ல மனிதர். மில்லுக்குக் கடிதம் எழுதி அந்த ஆளை வரவழைத்ததே அவர்தான். ததேயுவுக்காக. மில்லிலிருந்து வந்த பதிலைக்கூட நான்தான் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், ஃபைனலுக்கு வருகிறோம், ரைட் அவுட் பையனைப் பார்க்க வேண்டும் என்று.

ஆமாம். அதைத்தான் சொல்கிறேன். வாசித்துக் காட்டினேன். இப்போது சொன்னதும்தான் ஞாபகம் வருகிறது. சரி, தெரியும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தெரியும்.

ஹாலில் அப்பாவை நிற்கவைத்துக் கேட்டார்கள். நான் பின்னால், கதவுப் பக்கம் நின்றேன். ஒரு மனிதர் எழுந்தார், எங்கள் பழைய கோல்கீப்பர், அப்பாவோடு ஆடினவர். கடற்காற்று, ஏழாம் எண் விழுந்திருக்கும், யாரோ எடுத்து மாற்றிப் போட்டிருப்பார்கள் என்றார். அப்பாவுக்கு ஒரு வழி திறந்துவிட்டார். எல்லாரும் அதை எடுத்துக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தார்கள். கோப்பை வேறு வந்திருக்கிறது. யாருக்கு அவரைத் தண்டிக்க மனசு? அப்பா தலையை ஆட்டியிருந்தால் போதும்.

"எங் கயித்துலருந்து காத்துக்கு ஒண்ணும் விழுந்தது இல்ல" என்றார். "நாந்தான் போட்டேன்."

பிறகு விசிலைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். நான் அந்த நேரத்தில் சொல்லியிருப்பேன். வாய்வரை வந்துவிட்டது. ஆனால் சாமியார் உடனே ஜெபம் சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டார். ஜெபத்துக்கு நடுவில் எப்படிப் பேசுவது?

அதற்கப்புறம் அவர் மைதானத்துக்குப் போகவில்லை. முப்பத்தொரு வருஷம். வீட்டிலிருந்து விசில் சத்தம் கேட்கும். கேட்டால் எழுந்து அடுப்படிப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார். எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது, வேலை கிடைத்தது. ஒரே ஒரு முறை என் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பையன்கள் ஆடுவதை வேப்பமரத்தடியில் நின்று பார்த்தார். போகும்போது ஒரு பையனைக் காட்டி, அவனுக்கு இடது கால் நன்றாக வருகிறது, இடது பக்கம் போடு என்றார். போட்டேன். அந்த வருஷம் அவன் மாவட்டத்துக்கு ஆடினான்.

இதை நான் யாரிடமும் சொல்லாமல் இல்லை. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கிறேன். வேளாங்கண்ணியில், தெரியாத சாமியாரிடம். ஊரில் போய்ச் சொல்லு என்றார் அவர். அது பாவத்துக்கான தண்டனையா, வெறும் யோசனையா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. பத்து பரலோக மந்திரம் சொன்னேன், கூடவே இன்னும் பத்து. திருச்சி ரயிலில் ஒரு பல் டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன். மதுரையில் ஒரு லாட்ஜில் பக்கத்துக் கட்டில்காரரிடம். இப்போது உங்களிடம். எல்லாரும் ஒரே மாதிரிதான் பார்க்கிறீர்கள்.

அப்பாவிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்ததை அவரிடமே எதற்குச் சொல்ல வேண்டும்? கடைசி மாதம் ஆஸ்பத்திரியில் அவருக்கு நினைவு முன்பின்னாகிவிட்டது. தினமும் நாலு மணி வாக்கில் தலையைத் தூக்கி, ததேயு வந்தானா என்று கேட்பார். வந்தான் அப்பா, ஓடிக்கொண்டிருக்கிறான் என்பேன். தலையைச் சாய்த்துக்கொள்வார். இருபத்தாறு நாள், நாளுக்கு ஒரு முறை.

ததேயு அப்போது ஊரில்தான் இருந்தான். கூப்பிட்டிருந்தால் வந்திருப்பான். நாகர்கோவில் எவ்வளவு தூரம்? நான் கூப்பிடவில்லை. அவர் அவனிடம் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று இல்லை. அவருக்குக் களைப்பாகிவிடும் என்றுதான்.

ததேயு அதற்கப்புறம் எந்த டீமிலும் ஆடவில்லை. அந்தத் தங்கலோடு தொழிலுக்குப் போனவன், பிறகு பஹ்ரைனில் இருபது வருஷம் அரபிக்காரன் படகில் வலை இழுத்தான். இப்போது சொந்தப் படகு. அப்பாவின் சவப்பெட்டியைத் தூக்கினவர்களில் அவனும் ஒருத்தன், வலது பக்கம் முன்னால். கிளப் தலைவர் என்று சொன்னேனே, அது அவன்தான். அப்பா பெயரை வைக்க வேண்டும் என்று சொல்கிற கட்சியே அவன் ஒருத்தன்தான் என்றுகூடச் சொல்லலாம். போன வாரம் போனில் சொன்னான்.

"அண்ணே, கோச்சு ஒரு தடவ தப்புப் பண்ணினாரு. ஒரே தடவ. மன்னிக்க வேண்டியவன் நான், நான் மன்னிச்சாச்சு. பொறவு இவனுவளுக்கு என்ன? நீங்க வந்து, அப்பா செஞ்சது தப்புத்தான், பொறுத்துக்கிடுங்கன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. மவன் வாயால சொன்னா ஊரு எறங்கும்."

சரி ததேயு, வருகிறேன் என்றேன்.

பார்த்தீர்களா, அவன் கேட்கிற வார்த்தையே வேறு. அதைச் சொல்வது ஒன்றும் கஷ்டமில்லை. நான்கு சொல். சொன்னால் கோப்பையில் அப்பா பெயர் இருக்கும், அவன் சந்தோஷப்படுவான், யாருக்கும் நஷ்டமில்லை. இதைத்தான் கோவில்பட்டியிலிருந்து யோசித்துக்கொண்டு வருகிறேன். சொல்லிவிடலாம். செத்தவர் ஒன்றும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. இன்னொரு வார்த்தையும் இருக்கிறது. அதைச் சொன்னாலும் அவர் பெயர் இருக்கும், இன்னும் நன்றாகவே இருக்கும். ஆனால் பாருங்கள், ஐம்பத்து மூன்று வயதில் ஒரு வாத்தியார் எழுந்து அதைச் சொன்னால், அந்த ஹாலில் என் மாணவர்களின் சொந்தக்காரர்கள் யாராவது இருந்தால்? என் மனைவிக்கே தெரியாது. அந்தச் சான்றிதழ் ஃபிரேம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறது. அவள்தான் மாட்டினாள்.

ஒன்றும் சொல்லாமல் இருந்தால் ஐஸ் கம்பெனிக்காரர்.

கருங்கல் தாண்டிவிட்டோமா? இவ்வளவு சீக்கிரமாகவா? இன்றைக்கு விரட்டிக்கொண்டு வந்துவிட்டான். மணி என்ன உங்களிடம்? நாலே முக்கால். எங்கள் ஊர்க் கூட்டம் சொன்ன நேரத்தில் ஆரம்பித்ததே இல்லை. ஐந்து மணி என்றால் ஐந்தரை, ஆறு. டீ வரும், வரவுசெலவு வாசிப்பார்கள், போன கூட்டத்துத் தீர்மானம் வாசிப்பார்கள். பெயர் விஷயம் கடைசியில்தான் வரும். இந்த பஸ்ஸே கடைசி ஸ்டாப் போய், அரை மணி நேரத்தில் இதே வழியாகத்தான் திரும்பி வரும். அதில் வந்தால்கூடச் சரியாக இருக்கும். இல்லாவிட்டால் கடற்கரை வழியாக நடந்தே வரலாம், இரண்டு கிலோமீட்டர். ஒரு நடை நடந்தால் மனசும் ஒழுங்காகும். என்ன பேசுவது என்று வரிசைப்படுத்திக்கொள்ளலாம். தயார் இல்லாமல் போய் நின்று உளறுவதைவிட அது மேல்தானே?

அது தேவாலயக் கோபுரம். வந்துவிட்டது.

ஸ்டாப்பில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நிற்கிறானே, உயரமாக, அதுதான் ததேயு. கொஞ்சம் சதை போட்டுவிட்டான். முன்வாசலைத்தான் பார்க்கிறான். ஒவ்வொருத்தர் இறங்கும்போதும் பின்னால் யார் என்று எட்டிப் பார்க்கிறான், பாருங்கள். நான் முன்னால் உட்கார்ந்து வருகிற ஆள் என்று நினைத்திருக்கிறான் போல.

ஏழுதெங்கு ஆள் யாராவது இருக்கிறதா என்று கண்டக்டர் கேட்கிறார். இருக்கிறது, இந்த அம்மா இருக்கிறார், கூடையோடு பின்னாலிருந்து வருகிறார். இந்த வழி குறுகல். ஒரு நிமிஷம், நான் காலை ஒடுக்கிக்கொள்கிறேன். போங்கம்மா, மெல்லப் போங்க.